மின்சார ஷவர் நடுவில் குளிர்கிறது, பிறகு சுடுகிறது: பெட்டியை மாற்றிவிடலாமா?

வெம்பிளி_வாசி | சனி, காலை 8.10

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 9.5 கிலோவாட் மின்சார ஷவர், சுவரில் மாட்டிய பெட்டியே தண்ணீரைச் சுட வைக்கும் வகை. முந்தைய உரிமையாளர் பொருத்தியது, வயது 13. டிசம்பர் பிறந்ததிலிருந்து அதன் குணம் மாறிவிட்டது. முதல் மூன்று நிமிடம் அருமையாக வரும். தலை முழுக்க ஷாம்பு நுரைத்து நிற்கும் நேரமாகப் பார்த்து ஐஸ் தண்ணீரைக் கொட்டும். சுவரோடு ஒட்டிக்கொண்டு அரை நிமிடம் நின்றால் மறுபடி சூடு வரும். வரும்போதே தோலை உரிக்கும். குமிழைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

ஒரு பிளம்பர் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். பெட்டியை இரண்டு தட்டுத் தட்டி, "ஆயுள் முடிந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்றார். கடையில் 10.5 கிலோவாட் ஷவர் தள்ளுபடியில் கிடைக்கிறது, திங்கட்கிழமையோடு முடிகிறது. கிலோவாட் கூடினால் சூடும் கூடும், அவ்வளவுதானே? வாங்கிவிடலாமா?

லூட்டன்_மலர் | சனி, காலை 8.42

பணத்தை வெளியே எடுக்கும் முன் கையில் பிடிக்கும் ஷவரைக் கழற்றிப் பாருங்கள். லண்டனைச் சுற்றி வருவது சுண்ணாம்புத் தண்ணீர். கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவுதான் ஷவர் துளைகளையும் அடைக்கிறது. ரப்பர் முனைகளாக இருந்தால் கட்டைவிரலால் தேய்த்தாலே பொருக்குப் பொருக்காக உதிரும். இல்லாவிட்டால் வெள்ளை வினிகரில் இரவு ஊறப் போடுங்கள். ஒன்றே ஒன்று, வினிகரைப் பெட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள். எங்கள் வீட்டு ஐயா ஒருமுறை அந்த யோசனையோடு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

குறுக்குக்கேள்வி | சனி, காலை 9.05

இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. சுவரில் ஒரு பெட்டி மாட்டி, அதற்குள் மின்சாரத்தையும் தண்ணீரையும் ஒன்றாக விட்டு, அதன் கீழே மனிதனை நிர்வாணமாக நிறுத்தும் இந்தப் பழக்கம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வீட்டுக்கும் குழாய்க்கும் எரிவாயுவில் சூடு தரும் காம்பி பாய்லர் இருக்கிறதல்லவா? பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாய்லர் தண்ணீரில் ஓடும் மிக்ஸர் ஷவர் போடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

கம்பிக்காரன் | சனி, காலை 10.30

மேலே எழுதியவருக்கு: போன பிப்ரவரியில் பாய்லர் பழுதாகி நான்கு நாள் எங்கள் வீட்டில் எல்லோரும் குளித்தது மின்சார ஷவரில்தான். எரிவாயு நின்றாலும் சுடுதண்ணீர் தருவது அது ஒன்றுதான். அதைத் தூக்கி எறியச் சொல்லும் முன் யோசியுங்கள்.

வெம்பிளித் தம்பிக்கு: நான் மின்சார வேலை செய்பவன், குறொய்டனில் இருக்கிறேன். தள்ளுபடியை மறந்துவிட்டு இதை ஆறுதலாகப் படியுங்கள்.

அந்தக் குமிழ் சூட்டைக் கூட்டுவதில்லை. உங்கள் பெட்டி சாதாரண வகை. அதற்குள் தண்ணீரைச் சுட வைக்கும் இரண்டு காயில்கள் இருக்கும். ஒரு பொத்தான் அவற்றில் ஒன்று ஓடுவதா இரண்டும் ஓடுவதா என்பதை முடிவு செய்கிறது. அதற்குப் பிறகு சூட்டின் அளவு மாறாது. குமிழ் செய்வது தண்ணீரைக் குறைப்பதும் கூட்டுவதும் மட்டும். குறைவான தண்ணீர் காயிலைக் கடந்தால் அதிகம் சுடும், கூடுதல் தண்ணீர் கடந்தால் குறைவாகச் சுடும். இங்கே மாரியில், அதாவது குளிர்காலத்தில், தண்ணீரைச் சுட வைக்கும் வேலை கனக்கிறது. கோடையில் 18 டிகிரியில் வரும் குழாய்த் தண்ணீர் தையில் 5, 6 டிகிரியில் வருகிறது. அதே காயிலால் 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டுமானால் கோடையில் நிமிடத்துக்கு ஐந்தரை லிட்டருக்கு மேல் தர முடியும், மாரியில் மூன்றரை லிட்டர்தான். எல்லா மின்சார ஷவரும் குளிர்காலத்தில் மெலிவது இதனால்தான்.

இப்போது உங்கள் கதை. எங்கோ தண்ணீர் தடைப்படுகிறது. ஓட்டம் குறைந்ததும் காயிலுக்குள் தண்ணீர் அளவுக்கு மீறிச் சுடுகிறது. உடனே தெர்மல் கட்-அவுட் என்ற பாதுகாப்புச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அதுதான் உங்கள் ஐஸ் தண்ணீர். அரை நிமிடத்தில் அது ஆறி மறுபடி இணைக்கிறது. குளிர்கிறதே என்று நீங்கள் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்புகிறீர்கள். பெட்டியோ தண்ணீரை இன்னும் குறைக்கிறது. அடுத்த துண்டிப்பு இன்னும் சீக்கிரம் வருகிறது. நீங்களும் பெட்டியும் எதிரெதிர்த் திசையில் கயிறு இழுக்கிறீர்கள்.

தடை எங்கே என்று தேட வேண்டும். தெருவிலிருந்து வரும் அழுத்தம் குறைவா, பெட்டியின் நுழைவாயிலில் உள்ள சின்ன வலை அடைபட்டதா, ஹோஸ் உள்ளே மடிந்ததா, கைப்பிடி ஷவரா? ஷவர் ஓடும்போது குசினிக் குழாயைத் திறந்து பாருங்கள். அந்த நொடியே தண்ணீர் தடுமாறினால் அழுத்தத்தைப் பற்றிப் பேசலாம்.

வெம்பிளி_வாசி | சனி, மதியம் 12.15

நன்றி அண்ணா. குமிழ் பற்றி நீங்கள் சொன்னதை மனைவியிடம் சொன்னேன். பத்து வருடமாக நான் அவளுக்குச் சூடு கூட்டிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தேன், சலவை இயந்திரத்தையும் ஓடவிட்டேன். பெரிய மாற்றம் இல்லை. கழிப்பறைத் தொட்டி நிரம்பும்போது மட்டும் லேசாகச் சுடுகிறது, அதுவும் சில நொடிதான். வேறு குழாய் எதுவும் ஓடாமல் இருக்கும்போதும் மூன்றாவது நிமிடத்தில் வழக்கம்போல ஐஸ் வந்துவிட்டது.

வீட்டில் இந்தத் துன்பம் இல்லாதவர் அம்மா ஒருவர்தான். திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஷவருக்குக் கீழே நின்று குளிப்பது மழையில் நனைவதுபோல் இருக்கிறதாம். நீல வாளி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, ஷவரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஹோஸை வாளிக்குள் விட்டு நிரப்பி, செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறார். "தண்ணீர் நல்லாத்தானே வருது, உனக்கு மட்டும் என்ன?" என்று என்னையே கேட்கிறார்.

கம்பிக்காரன் | சனி, மதியம் 12.21

தம்பி, நோய் என்னவென்று உங்கள் அம்மா கண்டுபிடித்துவிட்டார். கைப்பிடியைக் கழற்றினால் ஒழுங்காக வருகிறது, மாட்டினால் கெடுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனாலும் அளந்து பாருங்கள். சமையலறை அளவுக்குவளை ஒன்று, தெர்மாமீட்டர் ஒன்று, கடிகாரம் போதும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது, எத்தனை டிகிரி ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு இரண்டையும் பெருக்கி 14.3 ஆல் வகுங்கள். தண்ணீருக்குள் போகும் கிலோவாட் கிடைக்கும். பெட்டியில் 9.5 என்று எழுதியிருப்பது 240 வோல்ட்டுக்கு. 230 வோல்ட்டில் அது 8.7தான். ஆகவே ஒன்பதை ஒட்டி வந்தால் இரண்டு காயிலும் உயிரோடு இருக்கின்றன. நாலரையை ஒட்டி வந்தால் ஒன்று செத்துவிட்டது.

குறுக்குக்கேள்வி | சனி, மதியம் 12.50

ஹோஸ் வழியாக வாளியில் பிடித்தால் சூடும் குளிரும் வாளிக்குள்ளேயே கலந்துவிடும். அம்மாவுக்குத் தெரியாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாமே? கைப்பிடிதான் குற்றவாளி என்று எப்படித் தீர்ப்புச் சொல்கிறீர்கள்?

கம்பிக்காரன் | சனி, மதியம் 12.58

நல்ல கேள்வி. அதற்குத்தான் அளக்கச் சொன்னேன்.

வெம்பிளி_வாசி | சனி, மாலை 4.40

அளந்தேன். மகள் கடிகாரத்தைப் பிடித்தாள், நான் குவளையைப் பிடித்தேன், அம்மா கதவருகே நின்று "பேரப்பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று வர்ணனை கொடுத்தார்.

குழாய்த் தண்ணீர் 6 டிகிரி. கைப்பிடி இல்லாமல் ஹோஸில் மட்டும் நிமிடத்துக்கு 3.7 லிட்டர், 40 டிகிரி. எட்டு நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டேன். தெர்மாமீட்டரை ஹோஸ் வாயிலேயே பிடித்திருந்தேன், வாளியில் அல்ல. ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. 3.7 பெருக்கல் 34, வகுத்தல் 14.3 என்றால் 8.8 கிலோவாட்.

குமிழைத் தொடாமல் கைப்பிடியை மாட்டினேன். 2.1 லிட்டர்தான் வந்தது. சூடு 45, 48, 51 என்று ஏறிக்கொண்டே போய், பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். அடுத்த சில நொடிகளில் தண்ணீர் ஐஸ்.

கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன். அறுபது துளைகள் இருக்கும், ஒழுங்காகப் பீய்ச்சியவை இருபதுகூட இல்லை. வளையத்தின் உள் ஓரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அப்பளம்போல் படிந்திருந்தது.

கம்பிக்காரன் | சனி, மாலை 4.52

8.8 கிலோவாட்டை 2.1 லிட்டரில் போட்டால் 60 டிகிரி ஏற வேண்டும். ஆறோடு அறுபது சேர்த்தால் 66. அந்தச் சூட்டில் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும். அதற்கு முன்பே துண்டித்து உங்களைக் காப்பாற்றியது அந்த 'டிக்'.

10.5 வாங்கி இதே கைப்பிடியை மாட்டியிருந்தால் 'டிக்' இன்னும் சீக்கிரம் வந்திருக்கும்.

லூட்டன்_மலர் | சனி, மாலை 5.10

பழையதை வினிகரில் போடுங்கள், ஆனால் புதிதாக ஒன்றும் வாங்கி வையுங்கள். மின்சார ஷவருக்கு ஏற்றது என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். பம்ப் வைத்த ஷவருக்கான அகலமான முகப்பை மாட்டினால் மூன்றரை லிட்டர் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். ஹோஸையும் சேர்த்து மாற்றுங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் முறுக்கிக்கொண்டிருக்கும்.

கிழக்குஹாம்_குடியிருப்பு | ஞாயிறு, காலை 9.20

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். வாடகை வீடு, 8.5 கிலோவாட் ஷவர். எங்களுக்குச் சூடு ஏறி இறங்குவதில்லை, எப்போதும் வெதுவெதுப்புத்தான். மேலே உள்ள கணக்கைப் போட்டேன். 3 லிட்டர், 20 டிகிரி ஏற்றம், 4.2 கிலோவாட். வீட்டு உரிமையாளரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். "குளிர்காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்கிறார்.

கம்பிக்காரன் | ஞாயிறு, காலை 10.02

குளிர்காலத்தில் தண்ணீர் குறையும், கிலோவாட் குறையாது. உங்களுடையது பாதிக்கு வந்திருக்கிறது. ஒரு காயில் போயிருக்க வேண்டும், அல்லது அதற்கு மின்சாரம் விடும் சின்னச் சுவிட்ச் போயிருக்க வேண்டும். பொத்தான் முழுச் சூட்டில்தான் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்குப் போய் அதைத் திருப்பிவிட்டுக் காசு வாங்காமல் திரும்பியிருக்கிறேன்.

லூட்டன்_மலர் | ஞாயிறு, காலை 10.30

இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், குடியிருப்போர் சட்டம், 11-ஆம் பிரிவைப் பாருங்கள். தண்ணீர் சுட வைக்கும் சாதனங்களைப் பழுது பார்த்து வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு. வாய்ப்பேச்சை விட்டுவிட்டு மின்னஞ்சலில், தேதி போட்டு, அந்த 4.2 கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். வாடகை வீட்டின் மின் இணைப்புகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. அந்த அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். அதைக் கேட்டதும் பலருக்குப் பேச்சின் தொனி மாறிவிடுகிறது.

கிளாஸ்கோ_பனி | ஞாயிறு, பகல் 11.45

சுண்ணாம்புத் தொல்லை எங்களுக்கு இல்லை. லோக் கேத்ரின் ஏரியிலிருந்து 1859 முதல் வரும் மென்மையான தண்ணீர். கெட்டில் பத்து வருடம் புதிதாகவே இருக்கும். ஆனால் எங்கள் ஷவரும் இதே ஆட்டம் ஆடியது. காரணம் நுழைவாயில் வலை. தெருவில் குழாய் வேலை நடந்த வாரத்துக்குப் பிறகு தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் மணலும் துருவும். எல்லாப் பழியையும் சுண்ணாம்பின் மேல் போட்டுவிடாதீர்கள்.

குறுக்குக்கேள்வி | ஞாயிறு, மதியம் 1.15

ஒரு நண்பர் சொன்னார்: அந்தக் கட்-அவுட்டின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிட்டால் துண்டிப்பே வராதாம். மூடியில் இரண்டு திருகுதான்.

கம்பிக்காரன் | ஞாயிறு, மதியம் 1.19

அந்த நண்பரின் வீட்டில் குளிக்காதீர்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. 66 டிகிரித் தண்ணீருக்கும் ஒரு குழந்தையின் தலைக்கும் நடுவில் இருக்கும் ஒரே காவல் அது. இந்த இழையை நாளை யாரோ தேடி வந்து அவசரத்தில் அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்: இணைக்காதீர்கள். மூடியைத் திறப்பதாக இருந்தாலும் ஷவருக்கு மின்சாரம் விடும், கூரையில் தொங்கும் கயிற்றுச் சுவிட்சை மட்டும் நம்பாமல் ஃப்யூஸ் பெட்டியில் பிரேக்கரை இறக்கிவிட்டு, மின்சாரம் இல்லை என்று கருவி வைத்துச் சோதித்த பிறகுதான் கை வைக்க வேண்டும். 40 ஆம்பியர் ஓடும் கம்பி அது. கெட்டிலில் ஓடுவது 13 ஆம்பியருக்குள்.

குறுக்குக்கேள்வி | ஞாயிறு, மதியம் 1.40

சரி, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கேள்வி கேட்பது மட்டும்தான் என் வேலை.

வெம்பிளி_வாசி | செவ்வாய், இரவு 9.30

புதிய கைப்பிடி, புதிய ஹோஸ், இரண்டும் 25 பவுண்டுக்குள் முடிந்தது. பன்னிரண்டு நிமிடம் குளித்தேன். 'டிக்' இல்லை. வீட்டில் யாரும் நம்பவில்லை.

ஆனால் அண்ணன் கயிற்றுச் சுவிட்சைப் பற்றி எழுதியதும் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு விளக்கைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக்கில் தேநீர்க் கறை நிறத்தில் ஒரு வட்டம். குளித்து முடித்ததும் லேசாக மீன் வாடை. அம்மா வஞ்சிரம் வறுத்ததுதான் காரணம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

கம்பிக்காரன் | செவ்வாய், இரவு 9.34

இன்றிரவே பிரேக்கரை இறக்குங்கள். நாளை ஒரு மின் பணியாளர் வரும்வரை அந்த ஷவர் வேண்டாம். உள்ளே ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, கம்பி சூடேறி பிளாஸ்டிக் வேகிறது. மீன் வாடை வருவது அதனால். வருடத்தில் எத்தனையோ வீடுகளில் இதைப் பார்க்கிறேன். ஐஸ் தண்ணீர் உங்களை எரிச்சலூட்டியது, இதுவோ வீட்டையே எரிக்கக்கூடியது.

வெம்பிளி_வாசி | வியாழன், மாலை 6.15

சுவிட்ச் மாற்றியாகிவிட்டது. பழையதைத் திறந்து காட்டினார். ஒரு முனையில் கம்பியின் உறை கருகி முறுமுறுவென்று இருந்தது, தொட்டதும் உதிர்ந்தது. கருகிய பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக இணைத்தார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வெம்பிளி_வாசி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.05

கடைசியில் பெட்டியையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. குறுக்குக்கேள்வி சிரிக்கலாம்.

போன வாரம் பெட்டியின் அடியில் ஒரு சிறு குழாயிலிருந்து சொட்டத் தொடங்கியது. முதலில் ஈரக்காற்று என்று நினைத்தேன். பிறகு குளிக்கும்போதெல்லாம் நூலாக ஒழுகியது. வந்தவர் சொன்ன விளக்கம்: கைப்பிடி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறினால் பெட்டி வெடிக்காமல் இருக்க ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அது ஒரே முறை திறக்கும், திறந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். என்னுடையது மாதக்கணக்கில் நெருக்கடியிலேயே இருந்து களைத்திருக்கிறது. அந்த உதிரிப் பாகத்தை மட்டும் மாற்றலாம்தான். ஆனால் மூடியைத் திறந்தபோது காயில் இருக்கும் குடுவையைச் சுற்றியும் பச்சையாகக் கசிந்த தடம் இருந்தது. 13 வருடப் பெட்டிக்கு இனிப் பாகம் பாகமாகச் செலவழிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

10.5 கேட்டேன். முடியாது என்றார். சுவருக்குள் இருப்பது 6 சதுர மில்லிமீட்டர் கம்பி, பிரேக்கர் 40 ஆம்பியர். 10.5 கிலோவாட் இழுப்பது கிட்டத்தட்ட 44 ஆம்பியர். அதற்கு 10 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் புதிதாக ஃப்யூஸ் பெட்டி வரை இழுக்க வேண்டும். சுவரைக் குடைய வேண்டும். புதிய சர்க்யூட் என்பதால் கட்டட விதிப்படி பதிவும் செய்ய வேண்டும். இருந்த இடத்திலேயே அதே அளவுக்கு மாற்றினால் அந்தப் பதிவு தேவையில்லை. ஆகவே அதே 9.5. குழந்தை இருப்பதால் தெர்மோஸ்டாட் வைத்த வகையாக எடுத்தோம். அழுத்தம் மாறினாலும் சூட்டை அதுவே பிடித்து நிறுத்துகிறது. அணைத்த பிறகும் சில நொடி ஓடி, உள்ளே தங்கிய சுடுதண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் நிற்கிறது. பழைய பெட்டியில் நான் அணைத்ததும் மகள் போய்த் திறந்தால் முதல் குவளை சுட்டதன் காரணம் இப்போதுதான் புரிந்தது.

அளந்தேன், கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். குழாய்த் தண்ணீர் 7 டிகிரி, வெளியே 40, நிமிடத்துக்கு 3.9 லிட்டர். 9 கிலோவாட்.

கிளாஸ்கோ_பனி | ஞாயிறு, காலை 10.40

சொட்டியது அந்த வால்வுதான் என்று எப்படி உறுதி செய்தார்? எங்கள் வீட்டிலும் அடியில் ஈரம் தெரிகிறது.

கம்பிக்காரன் | ஞாயிறு, காலை 11.05

ஷவரை அணைத்த பிறகு ஓரிரு நிமிடம் கைப்பிடியிலிருந்து சொட்டுவது இயல்பு. பெட்டியின் அடியிலிருந்து, அதுவும் ஓடும்போது சொட்டினால் வால்வு. ஓடாதபோதும் நாள் முழுக்கக் கைப்பிடியில் சொட்டினால் தண்ணீரைத் திறந்து மூடும் மின்வால்வு சரியாக மூடவில்லை. எங்கே ஈரம், எப்போது ஈரம் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ஒழுக்கு மூடிக்குள் இருக்கும்போல் தெரிந்தால் பிரேக்கரை இறக்கி வையுங்கள்.

வெம்பிளித் தம்பி, அம்மா இப்போதாவது ஷவருக்குக் கீழே நிற்கிறாரா?

வெம்பிளி_வாசி | ஞாயிறு, மதியம் 12.30

இல்லை அண்ணா. புதுப் பெட்டியோடு வந்த கைப்பிடியை மறுநாளே கழற்றிவிட்டார். இப்போது என் புகார் என்னவென்றால், காலையில் நான் குளிக்கப் போகும்போது அதைத் தேடி எடுத்து மாட்ட வேண்டியிருக்கிறது. இன்று நீல வாளிக்குள் கிடந்தது.